வாய் திறந்த குஞ்சுகளும் சாலையில் விழுந்த புளியமரமும்

போன மாதம் உங்கள் பண்ணைக்கு வந்திருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "மேடம், குஞ்சு பசியில இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டாள். சிரிக்கிற கேள்வி இல்லை அது. நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதே அந்தக் கேள்வியிலிருந்துதான். அன்றைக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சொல்ல நினைத்ததை இப்போது உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த காலம். கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. கோமுகி அணைக்குக் கீழே, கல்வராயன் மலை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் எங்கள் குஞ்சுப் பொரிப்பகம். வட்டமான சிமெண்டுத் தொட்டிகள், ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு வேன். நான் திருநாவலூர்ப் பெண். படிப்பை முடித்து வேலைக்கு வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. என்னோடு வேலை பார்த்தவர் சேவியர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என் வயதுதான். எங்கள் அதிகாரி கள்ளக்குறிச்சியில் குடியிருந்துகொண்டு தினமும் ஜீப்பில் வந்து போவார்.

கெண்டைக் குஞ்சு பொரித்து வெளியே வருவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. வரும்போது அதற்கு வாய் கிடையாது. கண்ணில் கறுப்பு ஏறியிருக்காது. கண் இமை மயிர் ஒன்றைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டமாதிரி கிடக்கும். வயிற்றுக்கடியில் ஒரு மஞ்சள் மூட்டை. தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. அந்தச் சோறு தீர்வதற்குள் கண் கறுத்தாக வேண்டும், குடல் திறந்தாக வேண்டும், காற்றுப்பை நிரம்பியாக வேண்டும், கடைசியில் வாய் பிளந்தாக வேண்டும். எல்லாம் தானாக நடக்கிறது. யாரும் சொல்லித் தருவதில்லை. நான் பல லட்சம் குஞ்சுகளைப் பார்த்தாகிவிட்டது, இன்னும் அது எனக்குப் பழகவில்லை.

வழக்கமாக, குஞ்சு மேலெழுந்து நீந்தத் தொடங்கிய உடனே ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் கட்டி அனுப்பிவிடுவோம். குஞ்சை வளர்க்கிற நாற்றங்கால் குளங்களில் விவசாயிகள் சாணம் கரைத்துத் தண்ணீரைப் பழுக்க வைத்திருப்பார்கள். குஞ்சு தின்னும் நுண்ணுயிர் அங்கே மண்டிக் கிடக்கும். முதல் தீனி என்பது எங்கள் தொட்டியில் நடக்கிற காரியமே இல்லை. அது எங்கேயோ, யாரும் பார்க்காத கலங்கல் தண்ணீரில் நடக்கும். எங்கள் பண்ணையிலேயே இருந்த நாற்றங்கால் குளங்களை அந்த வருஷம் கரை உடைத்து, சேறு அள்ளி, வெயிலில் காயப் போட்டிருந்தோம்.

அந்த நேரத்தில் மறியல் வந்தது.

காலையில் டவுன் பஸ் வரவில்லை. அப்புறம் எந்த வண்டியும் வரவில்லை. கச்சிராயபாளையம் சாலையில் பெரிய பெரிய புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். ஒரு மரம் விழுந்ததில் தந்திக் கம்பமும் சாய்ந்து எங்கள் டெலிபோன் செத்துப்போனது. அதிகாரி கள்ளக்குறிச்சியில். பண்ணையிலேயே தங்கி வேலை பார்த்த நாங்கள் இரண்டு பேரும் இங்கே. மேல் தொட்டியில் முதல் ஈட்டுக் குஞ்சுகள், அன்றைக்கே ஏற்ற வேண்டியவை. கீழ்த் தொட்டியில் இரண்டாம் ஈடு, இன்னும் மஞ்சள் மூட்டையோடு படுத்துக் கிடப்பவை. இரண்டும் எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் குளங்களுக்குப் போக வேண்டியவை. அந்த ஊர் விவசாயிகள் குளத்தைத் தயார் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அணைத் தண்ணீர் வாய்க்காலில் தானாக வந்து தொட்டிகளில் சுழன்றது. அதனால் குஞ்சுகளுக்கு மூச்சுப் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி சுத்தம். குஞ்சு தின்ன அதில் ஒன்றுமே இல்லை.

"நாளைக்குத் திறந்திருவாங்க மேடம்" என்றார் சேவியர்.

நாளைக்குத் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை.

கோழி முட்டை அவித்து மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விடலாம் என்று புத்தகத்தில் இருந்தது. சேவியர் தொட்டியில் விடத் தயாராகிவிட்டார். முதலில் ஒரு பேசினில் கொஞ்சம் குஞ்சை எடுத்துப் பார்ப்போம் என்றேன். பிழிந்துவிட்டதும் தண்ணீர் பால் மாதிரி ஆயிற்று. சில குஞ்சுகள் தின்றன. மீதிக் கரு அடியில் படிந்தது. மறுநாள் காலையில் பேசின் நாறியது, குஞ்சுகள் அதன்மேலேயே செத்து ஒட்டிக் கிடந்தன. அளவாகக் கொடுத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் முட்டைக் கருவை வைத்துக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம் என்பது இன்று உங்களுக்குத் தெரியும். தொட்டியில் அவ்வளவு நெரிசலில் அதைச் செய்ய எங்களிடம் ஆளும் இல்லை, முட்டையும் இல்லை. கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன.

அன்று காலையில் ஒரு போலீஸ் ஜீப் வந்தது. அணைப் பக்கம் தங்கியிருந்தவர்கள். பெரிய அதிகாரி ஒருவர் இறங்கி, மரியாதையாகத்தான் பேசினார். சில மரங்களை நகர்த்திவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குப் போகப் பார்க்கிறோம், உங்கள் வேனும் எங்கள் பின்னாலேயே வரட்டும், குஞ்சுகளை ஏற்றிக்கொள்ளுங்கள், மீதி இடத்தில் எங்கள் ஆட்கள் ஏறிக்கொள்வார்கள் என்றார்.

சேவியர் என்னைப் பார்த்தார். நான் மேல் தொட்டியைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஏற்றிவிட்டால் பாரம் நம் தலையிலிருந்து இறங்கிவிடும். அவசரத்தில் மனது எப்போதும் பாரத்தை இறக்கி வைக்கிற வழியைத்தான் காட்டும். அதை உங்களுக்கும் காட்டும்.

சேவியர் கேட்டார்: "சார், வழியில எத்தனை மரம் கிடக்கு?"

"போனாத்தான் தெரியும்."

"ரெண்டு மரத்துக்கு நடுவுல வண்டி நின்னுட்டா, இந்த வெயில்ல பைக்குள்ள இருக்கிறது வெந்துரும் சார். இன்னொண்ணு, இன்னைக்கு நீங்க எங்க வண்டியில ஏறுனா, நாளையிலிருந்து இது மீன் வண்டி இல்ல. நாங்க இந்த ஊர்க் குளத்துலயே வேலை பார்க்கணும்."

அந்த அதிகாரிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தொப்பியைக் கழற்றித் தொட்டியை எட்டிப் பார்த்தார். "எங்க இருக்கு, ஒண்ணும் தெரியலையே" என்றார். போய்விட்டார்.

ஜீப் போன பிறகு சேவியர் என் பக்கம் திரும்பினார். "சரியா செஞ்சேனா மேடம்?" என்றார். தெரியாது என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

கச்சிராயபாளையத்து ஓரத்தில் ஒரு எருமைக் குட்டை உண்டு. ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். பழுப்பும் பச்சையுமாக, கோடையில்கூட வற்றாத குட்டை. எருமை கிடக்கிற தண்ணீரில் சாணம் கரைந்துகொண்டே இருக்கும். நாங்கள் நாற்றங்கால் குளத்தில் பாடுபட்டுச் செய்வதை அந்த எருமைகள் சும்மா படுத்துக்கொண்டே செய்துகொண்டிருந்தன. அங்கே குஞ்சுக்குத் தீனி இருக்கும். ஆனால் பூச்சியும் இருக்கும், குஞ்சையே கடித்துக் கொல்லும் பெரிய நுண்ணுயிரும் இருக்கும். பண்ணையில் கண் அளவு வேறு வேறான சல்லடைத் துணிகள் இருந்தன. பெரியதை மேல் துணியில் நிறுத்தி, சின்னதைக் கீழ்த் துணியில் பிடித்தால் தீனி கிடைத்துவிடும். குட்டை மட்டும் மறியல் மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பண்ணை வாசலில் மலைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் சின்னப்பொண்ணு. சாமை விற்கப் புருஷனோடு கீழே இறங்கியவள். புருஷன் சாமான் வாங்கக் கள்ளக்குறிச்சி போய் அங்கேயே மாட்டிக்கொண்டான். "அந்தாளு வராம நான் மட்டும் மேல ஏற மாட்டேன்" என்று எங்கள் வேன் கொட்டகையில் தங்கிவிட்டாள். நான் குடங்களை எடுப்பதைப் பார்த்ததும், எதற்கு என்றுகூடக் கேட்காமல் இரண்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

தொட்டியருகே ஒருவராவது இருக்க வேண்டும் என்பதால் சேவியர் இருந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம்.

மரத்தருகே முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேறொரு ஊரில் துப்பாக்கிச்சூடு நடந்து ஆட்கள் செத்துப்போனதாக அன்றுதான் அவர்களுக்குச் செய்தி வந்திருந்தது. எங்களுக்கு அது தெரியாது. ஆனால் அந்த அமைதியைப் பார்த்ததுமே நடையைக் குறைத்தேன். ஒருவர் எழுந்து வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கரும்புச் சோகை கிழித்த தழும்புகள் கை முழுக்க. கோவிந்தன் என்று பிறகு தெரிந்தது.

"இன்னாம்மா, எங்க போறீங்க?"

"எருமைக் குட்டையில தண்ணி எடுக்கணும்ணே."

"அணைக்கட்டுல குடியிருந்துக்கினு எருமைக் குட்டைத் தண்ணிக்கு வர்றீங்களா? யாருகிட்ட கத சொல்றீங்க? காலைல போலீஸ் ஜீப்பு உங்க பண்ணைக்குள்ள பூந்துட்டு வந்துச்சே, இன்னா சமாச்சாரம்?"

"வேன் கேட்டாங்க. குடுக்கலண்ணே."

"குடுக்கலயா?" அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். நம்பிய சிரிப்பு இல்லை.

நான் குஞ்சுகளைப் பற்றிச் சொன்னேன். பயத்தில் கோர்வையாக வரவில்லை. பொரித்த குஞ்சு, கட்டுச்சோறு தீர்ந்துபோனது, அணைத் தண்ணியில் தீனி இல்லாதது என்று துண்டு துண்டாகச் சொன்னேன். கோவிந்தன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தம்பி பி.எஸ்சி. படிச்சிட்டு எங்கூடக் கரும்பு வெட்டிக்கினு இருக்கான்" என்றார். "அத்த யாரும் இப்டி ஓடியாந்து சொல்லல. மீன் குஞ்சுக்குப் பசின்னு கொடம் தூக்கிக்கினு வந்துட்டீங்க."

"வந்து பாருங்கண்ணே" என்றேன். "பொய்யா இருந்தா கொடத்த நீங்களே ஒடைச்சிடுங்க."

அவர் வந்தார். வேன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். வேனைச் சுற்றி வந்து டயரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நான் ஜன்னலோரம் நுண்ணோக்கியை வைத்து, கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, கீழ்த் தொட்டிக் குஞ்சு ஒன்றைச் சொட்டுத் தண்ணீரோடு வைத்தேன். கரண்டு தேவைப்படாத பழைய நுண்ணோக்கி.

கோவிந்தன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். பார்க்கத் தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். பிறகு அசையாமல் நின்றுவிட்டார்.

"உள்ள இன்னாமோ அடிச்சிக்கினு இருக்குதே."

"இதயம்ணே."

"இம்மாத்தூண்டுக்கா?"

"அதுக்குப் பின்னால ரத்தம் ஓடுறது தெரியுதா? ஒவ்வொரு பொட்டா ஓடும்."

அவர் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. நான் எத்தனையோ பெரிய அதிகாரிகளுக்கு அந்தக் கண்ணாடியில் குஞ்சு காட்டியிருக்கிறேன். ஆகா என்பார்கள், அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். செத்துப்போனவர்களின் செய்தியைக் காலையில் கேட்டுவிட்டு வந்த அந்த மனிதர், துடிக்கிற ஒரு பொட்டை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மரம் நவுறாது. அத சொல்லிட்டேன். கொடம் போவட்டும்."

அப்படித்தான் நடந்தது. குட்டையில் நானும் சின்னப்பொண்ணுவும் துணிகளைக் கட்டி வடிகட்டினோம். மேல் துணியில் பூச்சிகள் துள்ளின, அவற்றை உதறினோம். கீழ்த் துணியில் ரவை மாதிரி ஒரு மங்கல் படலம் தங்கியது. அதைக் குடத்துத் தண்ணீரில் அலசிவிட்டோம். புளியமரம் ஆள் நெஞ்சுயரம் இருந்தது. குடத்தோடு ஏற முடியவில்லை. இரண்டு பேர் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கமிருந்து ஒருவர் தூக்கிக் கொடுக்க, மேலிருந்தவர்கள் வாங்கி, அந்தப் பக்கம் நின்றவர் கையில் இறக்கினார்கள். ஒரு குடமும் தளும்பவில்லை. சாலையை அடைத்தவர்களே அந்தக் குடங்களுக்கு வழியாகவும் நின்றார்கள். இதை எந்தப் பக்கம் சேர்த்துச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பண்ணைக்கு வந்து ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். தலையில் சக்கரம் வைத்த சின்னஞ்சிறு உயிர்கள் சுழன்றுகொண்டிருந்தன. சேவியர் பார்த்துவிட்டு, "மேடம், திருவிழாக் கூட்டம் மாதிரில்லா இருக்கு" என்று கத்தினார்.

ஆனால் கூட்டம் போதவில்லை. இரண்டு தொட்டிக்கும் பாதிகூட வராது. கோவிந்தனும் ஒரு குடத்தைச் சுமந்துகொண்டு வந்திருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

சேவியர் சமமாகப் பங்கிடலாம் என்றார். நான் கூடாது என்றேன். மேல் தொட்டிக் குஞ்சுகள் ரொம்ப நாளாய்ப் பட்டினி. நிறையக் குஞ்சுகள் தலைகீழாகத் தொங்கின. பசி ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் தீனியை வாயருகே வைத்தாலும் குஞ்சு தின்னாது. தசை கரைந்துபோயிருக்கும், பாய்வதற்குத் தெம்பிருக்காது. கீழ்த் தொட்டியில் இப்போதுதான் வாய் திறக்கிறது, முழுவதையும் அங்கே விடுவோம் என்றேன். கணக்குப்படி அதுதான் சரி. படித்தவர்கள் யாரும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார்கள்.

கோவிந்தன் கேட்டார்: "அப்ப அந்தத் தொட்டிக்கு?"

"அதுங்களால இனிமே தின்ன முடியாதுண்ணே."

"அத்தினிக்குமா?"

"அத்தினிக்கும்தான்."

"பாத்தீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெயில், நடை, பயம் எல்லாம் சேர்ந்து வந்த கோபம். உங்களுக்கு இது புரியாது என்று வாய்வரை வந்தது. அவர் வாதம் செய்கிற முகத்தோடு நிற்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பார்த்திருந்தேனா? தொட்டியைப் பார்த்திருந்தேன். தொங்குகிற குஞ்சுகளைப் பார்த்திருந்தேன். தொங்காத குஞ்சுகளைப் பார்க்கவில்லை.

கண்ணாடி டம்ளரில் மேல் தொட்டித் தண்ணீரை மொண்டேன். தீனியில் ஒரு கரண்டி விட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்தேன். நாலு பேரும் அதைச் சுற்றி நின்றோம்.

பெரும்பாலானவை அசையவில்லை. சக்கர உயிர்கள் அவற்றின் வாயை உரசிக்கொண்டு போயின. நான் சொன்னது சரிதான். சரியாக இருந்ததில் எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை.

அப்போது மேல்மட்டத்தில் ஒரு குஞ்சு நின்றது. நீந்திக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. அந்தக் கறுத்த கண் இரண்டும் ஒரு புள்ளியில் குத்தி நின்றன. உடம்பு மெதுவாக வளைந்தது, வில்லில் நாணை இழுப்பது மாதிரி. அடுத்த கணம் உடம்பு நேரானது. அதன் முன்னால் இருந்த பொட்டு இல்லை.

"தின்னுச்சு" என்றாள் சின்னப்பொண்ணு.

பிறந்து சில நாளான, பசியில் பாதி செத்த, ஒரு வேளைகூடத் தின்று பழகாத உயிர். தூரத்தை அளக்க அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எவ்வளவு வளைய வேண்டும், எப்போது விட வேண்டும் என்று எங்கே எழுதியிருந்தது? முதல் பாய்ச்சல் தவறினால் இரண்டாவதற்கு அதனிடம் தெம்பு இருந்திருக்காது. நான் பூதக்கண்ணாடியைச் சேவியரிடம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். தின்னக்கூடிய குஞ்சுகள் எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்து மேலே வந்திருந்தன. முடியாதவை அடியிலேயே கிடந்தன. மேல் தொட்டியில் நிழலுக்கு ஒரு சாக்கைக் கட்டி, ஒரு மூலையில் மட்டும் வெயில் விழும்படி விட்டோம். அந்த வெளிச்சத்துக்கு வந்த குஞ்சுகளை மட்டும் மெல்ல மொண்டு பெரிய பேசின்களுக்கு மாற்றினோம். அவற்றுக்கும் கீழ்த் தொட்டிக்கும் தீனியைக் கொடுத்தோம். அடியில் கிடந்தவற்றுக்குக் கொடுக்கவில்லை. அவை செத்துப்போயின. மேல் தொட்டியில் பெரும்பகுதி அப்படிப் போய்விட்டது. இந்தக் கதையில் எல்லாம் பிழைத்துக்கொண்டது என்று நான் உங்களுக்குச் சொல்ல முடியாது.

பட்டினியின் எல்லையைப் பற்றி உங்கள் புத்தகங்களில் நிறையப் படித்திருப்பீர்கள். அது உண்மை. ஆனால் அந்த எல்லை ஒரு தொட்டிக்கு வருவதில்லை, ஒரு குஞ்சுக்கு வருகிறது. தொட்டியைப் பார்த்து முடிவெடுத்தால் வேலை சுலபம். ஒரு டம்ளரில் மொண்டு பார்த்துவிட்டு முடிவெடுத்தால், அதே முடிவுக்கே வந்தால்கூட, எதைக் கைவிடுகிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, தின்ற குஞ்சு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தேன். உடம்பு முழுக்கக் கண்ணாடி. அதன் நடுவே குடலில் ஒரு மெல்லிய பழுப்பு நூல். அதற்குள் இன்னும் அசைகிற சக்கரம் ஒன்று. சேவியர் பார்த்தார், கோவிந்தன் பார்த்தார். சின்னப்பொண்ணு கடைசியாகக் குனிந்தாள்.

"சாப்புட்டது வெளிய தெரியுதே" என்றாள். "மனுசனுக்கும் ஒடம்பு இப்டி இருந்திருந்தா, யாரு சாப்ட்டாங்க, யாரு சாப்புடலன்னு ஒருத்தரும் ஒருத்தருகிட்ட மறைக்க முடியாது."

கோவிந்தன் அவளைத் திரும்பிப் பார்த்தார். காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் குட்டைக்குக் கிளம்பிவிட்டார்.

மறியல் முடியும்வரை குடங்கள் வந்துகொண்டிருந்தன. சில சமயம் நாங்கள் போவோம், சில சமயம் அவர்கள் ஆட்களே எடுத்துவந்து மரத்தின் மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்கள். குஞ்சு பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். கோவிந்தனின் தம்பியும் வந்தார். விலங்கியல் படித்தவர். அந்த நுண்ணோக்கியின் குமிழைத் திருப்பிய விதத்திலேயே அவருக்கு அந்த வேலை தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மறியல் மரத்துக்கே திரும்பிப் போனார்.

மரங்களை அகற்றிய அன்றைக்கே கைது தொடங்கியது. கோவிந்தனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். சின்னப்பொண்ணுவின் புருஷன் கள்ளக்குறிச்சியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தான். அவனைத் திட்டிக்கொண்டே அவள் மலை ஏறினாள். எங்கள் அதிகாரி வந்தார். மேல் தொட்டியைப் பார்த்து முகம் சுருங்கியவர், கீழ்த் தொட்டியைப் பார்த்துவிட்டு, "எப்படிய்யா?" என்றார். சேவியர் என்னைக் காட்டினார், நான் சேவியரைக் காட்டினேன்.

பிறகு பைகளைக் கட்டி வேனில் எலவனாசூர்கோட்டைக்குக் கொண்டுபோனோம். சாலையோரமெல்லாம் வெட்டுப்பட்ட அடிமரங்கள் சிவப்பாகத் தெரிந்தன. கோயிலுக்கு அப்பால் ஒரு விவசாயியின் நாற்றங்கால் குளம். கலங்கலான, சாணம் மணக்கிற, நல்ல தண்ணீர். பைகளை மிதக்கவிட்டு, உள்ளேயும் வெளியேயும் சூடு ஒன்றாகும்வரை காத்திருந்துவிட்டு வாயைத் திறந்தோம். பையில் தூசி மாதிரி இருந்த கூட்டம் குளத்துக்குள் வடிந்தது. ஒரு நிமிஷம்கூட இல்லை. குளம் முன்பு இருந்த மாதிரியே இருந்தது.

விவசாயி கரையில் குந்தி உற்று உற்றுப் பார்த்தார். "ஒன்னுமே காணலியேம்மா. உள்ள எதனா போயிருக்கா?"

"போயிருக்குங்க" என்றேன்.

சேவியர் வேனில் ஏறி ஹாரன் அடித்தார். நான் உடனே எழவில்லை. தண்ணீரின் மேல் வெயில் மட்டும் அசைந்தது. அதற்குக் கீழே, அந்தக் கலங்கலுக்குள் எங்கும், குஞ்சுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்று, குறிபார்த்து, வளைந்துகொண்டிருந்தன.